996 டர்போவுக்கு டயரும் வீலும் தேர்ந்தெடுப்பது எப்படி

போர்ஷே 911 டர்போவில் 996 தலைமுறைக் காரை வைத்திருக்கும் நண்பர்கள், டயர் மாற்றும் நேரம் வந்ததும் எனக்கு போன் போடுவார்கள். முதல் கேள்வி எப்போதும் "எந்த பிராண்டு போடலாம்?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நான் மூன்று விஷயம் கேட்பேன். இப்போது மாட்டியிருக்கும் நான்கு டயரும் எந்த வருஷம் தயாரானவை? முன்னால் எவ்வளவு பட்டன் (ரோட்டைத் தொடும் ரப்பர் வரிகளின் ஆழம்) மிச்சம், பின்னால் எவ்வளவு? வீல் நான்கும் காரோடு வந்தவைதானா? இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் பிராண்டு விஷயம் சீக்கிரம் முடிந்துவிடும். இவை தெரியாமல் பிராண்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பிரயோஜனம் இல்லை.

நான் கோயம்புத்தூர்க்காரன். வேலைக்காக ஸ்டுட்கார்ட் வந்து இங்கேயே தங்கிவிட்டேன். என்னிடம் இருப்பது 2002 மாடல், வெள்ளி நிறம். சனிக்கிழமைகளில் ஒரு நண்பரின் பட்டறையில் இருப்பேன். பேலன்சிங் மெஷினும் லிஃப்டும் அங்கே இருப்பதால் இந்தக் காரின் சக்கர வேலை எல்லாவற்றையும் என் கையாலேயே செய்கிறேன். கீழே எழுதியிருப்பது 996 டர்போவை வைத்து. இதே காலத்து மற்ற சூப்பர் கார்களுக்கு என்ன மாறும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1999-இல் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டி, 2000-இல் விற்பனைக்கு வந்த கார் இது. 3.6 லிட்டர், இரட்டை டர்போ, 420 குதிரைத்திறன், மணிக்கு 305 கிலோமீட்டர் வரை போகும். ஜெர்மனியில் இந்த வயதுக் கார்களை யங்டைமர் என்பார்கள். 20 வருஷம் தாண்டியிருக்கும், ஆனால் 30 வருஷக் கிளாசிக் அந்தஸ்து இன்னும் வந்திருக்காது. டயர் தேடுவதில் சிக்கல் வருவதும் இந்த வயதில்தான். புது ஸ்போர்ட்ஸ் கார்கள் எல்லாம் 19, 20, 21 அங்குலத்துக்குப் போய்விட்டன. 18 அங்குலத்தில் 295 அகலம் கேட்பவர்கள் வருஷா வருஷம் குறைகிறார்கள். அதனால் கடையில் முன் அளவு கிடைக்கும், அதே மாடலில் பின் அளவு கிடைக்காது. தேட ஆரம்பிக்கும்போதே இரண்டு அளவும் ஒரே மாடலில், ஒரே நேரத்தில் கிடைக்கிறதா என்று பாருங்கள். முன்னால் ஒரு கம்பெனி, பின்னால் இன்னொரு கம்பெனி என்பதை இந்தக் காரில் நான் ஏற்பதே இல்லை.

சுற்றளவுதான் முதல் கணக்கு

தொழிற்சாலை கொடுத்த அளவு: முன்னால் 225/40 இசட்ஆர் 18, பின்னால் 295/30 இசட்ஆர் 18. 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 40 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. இசட்ஆர் என்பது அதிவேக ரேடியல் டயர் என்பதற்கான குறி. 18 ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இப்போது ஒரு காகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முன் டயர்: 225-இல் 40 சதவீதம் 90 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து 180. ரிம் 18 அங்குலம், அதாவது 457.2. கூட்டினால் 637.2 மில்லிமீட்டர் விட்டம். பின் டயர்: 295-இல் 30 சதவீதம் 88.5. இரண்டு பக்கமும் 177. ரிம்மோடு சேர்த்து 634.2. பின் டயர் பார்க்க எவ்வளவோ பெரிதாகத் தெரிந்தாலும் இரண்டுக்கும் விட்டத்தில் வித்தியாசம் வெறும் 3 மில்லிமீட்டர், அரை சதவீதம்கூட இல்லை.

அது தற்செயலாக வந்தது இல்லை. இந்தக் கார் நான்கு சக்கரத்திலும் இழுக்கும் கார். முன் பக்கத்துக்குச் சக்தியைக் கொண்டுபோவது ஒரு விஸ்கஸ் கப்ளிங். உள்ளே வரிசையாகத் தட்டுகள், நடுவில் சிலிக்கான் எண்ணெய். முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் சுற்றும்போது அது சும்மா இருக்கும். வேகத்தில் வித்தியாசம் வந்தால் எண்ணெய் தட்டுகளுக்கு நடுவே இழுபட்டு, சூடாகி, சக்தியை முன்னால் தள்ளும். நிலைமையைப் பொறுத்து 5 முதல் 40 சதவீதம் வரை முன்னால் போகும். பின் சக்கரம் ஈரத்தில் வழுக்கினால் வேலை செய்யவேண்டிய அமைப்பு இது. டயர் விட்டம் பொருந்தாமல் இருந்தால் காய்ந்த நேர் ரோட்டிலும் அது ஓயாமல் வேலை செய்துகொண்டே இருக்கும். ஆட்டோபானில் ஒரு மணி நேரம் போனால் அந்த ஒரு மணி நேரமும் சூடுதான். இந்தக் காரில் டயரை கியர்பாக்ஸின் ஒரு பாகமாகவே எண்ண வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

தேய்மானத்தையும் இதே கணக்கில் பாருங்கள். புது டயரில் சுமார் 8 மில்லிமீட்டர் பட்டன் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். பின் டயர் தேய்ந்து 2 மில்லிமீட்டருக்கு வந்தால் விட்டத்தில் 12 மில்லிமீட்டர் போய்விட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டால் முன்னால் 637, பின்னால் 622. வித்தியாசம் 15 மில்லிமீட்டர், இரண்டு சதவீதத்துக்கு மேல். நடைமுறையில் இந்தக் காரில் பின் டயர்தான் சீக்கிரம் தேயும். பின்னால் புதிது, முன்னால் பாதி தேய்ந்தது என்றால் முன்னால் 631, பின்னால் 634. அது பரவாயில்லை. பின் இரண்டை இரண்டு தடவை மாற்றும்போது முன் இரண்டை ஒரு தடவை மாற்றுவது இங்கே பலருடைய வழக்கம், கணக்கும் அதற்கு இடம் கொடுக்கிறது. தேய்ந்த பின் டயரோடு புது முன் டயரைச் சேர்ப்பதைத்தான் செய்யவே கூடாது. ஒரே அச்சில் இடது வலது இரண்டுக்கும் நடுவே 30 சதவீதத்துக்கு மேல் பட்டன் வித்தியாசம் இருக்கக்கூடாது என்று போர்ஷேயே சொல்கிறது. ஒரு பக்கம் பஞ்சராகி ஒன்றை மட்டும் மாற்ற நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும்.

பட்டனை அளக்கும்போது ஒரே இடத்தில் அளந்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடம். இந்தக் காரின் பின் சக்கரங்கள் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கும். அதனால் உள் ஓரம் முதலில் மொட்டையாகும். வெளியிலிருந்து பார்த்தால் 5 மில்லிமீட்டர் தெரியும், உள்ளே கையை விட்டுத் தடவினால் கம்பி குத்தும். லிஃப்டில் ஏற்றாமல் இந்தக் காரின் பின் டயரை "நல்லா இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பக்கச்சுவரில் எழுதியிருப்பது

அளவுக்கு அடுத்து இருக்கும் எண்ணும் எழுத்தும் முக்கியம். முன் டயரில் 88 என்று இருந்தால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும். பின் டயரில் 94 என்றால் 670, 98 என்றால் 750. வேக எழுத்து ஒய் என்றால் 300 கிலோமீட்டர் வரை. அந்தச் சுமை எண்ணும் ஒய்யும் அடைப்புக்குறிக்குள் இருந்தால் 300-க்கு மேலும் போகலாம். கார் 305 போகும் கார், ஆகவே அடைப்புக்குறி போட்ட டயர்தான் வேண்டும். டபிள்யூ 270 வரைதான். விலை குறைவு என்று அதை வாங்கி மாட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"நான் 200-க்கு மேல் போவதே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். சரிதான். ஆனால் ஒய் டயர் தன் முழுச் சுமையையும் தாங்குவது 270 வரைக்கும்தான். அதற்கு மேல் தாங்கும் சுமை படிப்படியாகக் குறைந்து 300-இல் 85 சதவீதமாகிறது. எஞ்சின் பின்னால் தொங்கும் கார் இது. பின் அச்சில்தான் பாரம் அதிகம். டயரில் மிச்சம் இருக்கும் தாங்கும் சக்தி வேகத்துக்கு மட்டும் இல்லை, சூட்டுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் 'என்' (N) முத்திரை. பக்கச்சுவரில் சின்னதாக என்0, என்1, என்2 என்று அச்சாகியிருக்கும். போர்ஷே அந்த டயரைத் தன் காரில் ஓட்டிப் பார்த்து ஒப்புக்கொண்டது என்பதற்கு அடையாளம். முதலில் வந்த வடிவம் என்0, அதைத் திருத்தி மறுபடி சோதித்தது என்1, அப்படியே மேலே போகும். ஒரே பெயர், ஒரே அளவு என்றாலும் முத்திரை இருக்கும் டயரும் இல்லாத டயரும் உள்ளே ஒன்றாக இருக்கவேண்டும் என்று இல்லை. பின்னால் எஞ்சின் வைத்த காருக்கு ஏற்றபடி கட்டுமானத்தையோ ரப்பரையோ மாற்றியிருப்பார்கள். இரண்டையும் ஒரே காரில் கலக்காதீர்கள். முன்னால் ஒரு 'என்' எண்ணும் பின்னால் வேறொரு 'என்' எண்ணும் கொண்ட ஜோடிகளும் உண்டு. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எந்த ஜோடிக்கு ஒப்புதல் என்பது போர்ஷேயின் பட்டியலில் இருக்கும். ஒரே அச்சில் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும், அது கட்டாயம்.

மிஷெலின் பைலட் ஸ்போர்ட் பிஎஸ்2, பிரெல்லி பி ஜீரோ இரண்டும் இந்தத் தலைமுறைக்கு 'என்' முத்திரையோடு வந்த பெயர்கள். என் காரில் இருப்பது பிஎஸ்2. பழைய வடிவமைப்பு என்று அதை ஒதுக்குபவர்கள் உண்டு. புதுத் தலைமுறை டயர்கள் ஈரத்தில் பிடிப்பது இன்னும் நன்றாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனாலும் நான் பிஎஸ்2-வை விடாததற்குக் காரணம், ஸ்டியரிங்கில் வரும் உணர்வு இந்தக் காரின் சஸ்பென்ஷனுக்கு நன்றாகப் பொருந்துகிறது. வளைவில் முன் பக்கம் லேசாக இருக்கும் கார் இது. பிடிப்பு எப்போது குறைய ஆரம்பிக்கிறது என்பது கைக்கு முன்கூட்டியே தெரியவேண்டும். எனக்கு அது இந்த டயரில் தெரிகிறது. மழையில்தான் அதிகம் ஓட்டுவேன், வேகம் இரண்டாம் பட்சம் என்பவர் 'என்' முத்திரை இல்லாத புது மாடலுக்குப் போகலாம். அப்போது நான்கையும் சேர்த்து மாற்றுங்கள், சுமையும் வேக எழுத்தும் மேலே சொன்னபடி இருக்கட்டும்.

தேதி

டாட் (DOT) என்று தொடங்கும் நீண்ட எண் வரிசையின் கடைசி நான்கு இலக்கம்தான் பிறந்த தேதி. 2319 என்றால் 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். கடைசியில் மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முன்னால் செய்த டயர், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். முழு எண் பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்கும். மறு பக்கம் பாதி எண்ணோடு நின்றுவிடும், தேதி இருக்காது.

ஃபிராங்ஃபர்ட் பக்கம் ஒரு 2001 மாடலை வாங்கப் போன நண்பரோடு நானும் போனேன். கார் அவ்வளவு சுத்தம். டயரில் 6 மில்லிமீட்டர் பட்டன், பக்கச்சுவரில் பளபளவென்று கறுப்புப் பூச்சு. விற்பவர் "டயர் புதுசு மாதிரி" என்றார். வெளிப்பக்கத்தில் தேதி இல்லை. ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி, போன் வெளிச்சத்தை உள்ளே பிடித்துப் பார்த்தால் 1411. பத்து வருஷத்துக்கும் மேல் பழைய டயர். விரல் நகத்தால் பட்டனை அழுத்தினால் பள்ளமே விழவில்லை. பட்டன் பள்ளங்களின் அடியில் மயிரிழை போல வெடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. குறைவாக ஓடும் கார்களின் நோய் இது. தேயாமலே டயர் செத்துவிடும்.

2013 நவம்பர் 30 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரிட்டாவில் நடிகர் பால் வாக்கர் இறந்த விபத்தைப் பலரும் அறிவோம். அவர் பயணம் செய்த 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடியின் டயர்கள் ஒன்பது வருஷம் பழையவை என்று விசாரணை அதிகாரிகள் கண்டார்கள். விபத்துக்குக் காரணம் வேகம் என்பதே அவர்கள் முடிவு. ஆனால் டயரின் வயது காரின் கட்டுப்பாட்டைக் குறைத்திருக்கலாம் என்றும் சொன்னார்கள். இதைப் படித்த பிறகும் பழைய டயரில் டர்போ காரை அழுத்துபவரிடம் என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

போர்ஷே சொல்லும் வரம்பு ஆறு வருஷம். நானும் அதையே பிடித்துக்கொள்கிறேன். வாங்கும்போது ஒரு வருஷத்துக்கு உட்பட்ட தேதி கேளுங்கள். அரிதான அளவு என்பதால் குடோனில் மூன்று வருஷம் கிடந்ததைக் கொடுக்கப் பார்ப்பார்கள். ஆறில் மூன்று அங்கேயே போய்விட்டால் பாதி விலைக்குத்தான் அது பொருந்தும். துபாய், கோலாலம்பூர் போன்ற வெயில் ஊர்களில் வெளியே நிற்கும் காருக்கு ஆறு வருஷம்கூட அதிகம். வெப்பம் ரப்பரைச் சீக்கிரம் காய்ச்சிவிடும்.

வீல்: 18-ஐ விடாதீர்கள்

தொழிற்சாலை வீல் முன்னால் 8 அங்குல அகலம், ஈடி 50. பின்னால் 11 அங்குலம், ஈடி 45. போல்ட் ஐந்து, வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர். நடு ஓட்டை 71.6. இதில் ஈடி என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வீலின் அகலத்துக்கு நட்ட நடுவில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டிலிருந்து ஹப்பில் (காரில் வீலைப் பிடித்துச் சுற்றும் நடுப்பகுதி) உட்காரும் முகம் எத்தனை மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருக்கிறது என்பதே ஈடி. எண் கூடினால் வீல் உள்ளே போகும், குறைந்தால் வெளியே வரும்.

சாதாரண 996 கரேராவின் 10 அங்குல, ஈடி 65 பின் வீல் சந்தையில் மலிவாகக் கிடைக்கும். போல்ட் ஓட்டைகளும் பொருந்தும். டர்போவில் மாட்டினால் வெளி விளிம்பு கிட்டத்தட்ட 33 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும், உள் விளிம்பு சஸ்பென்ஷனை நோக்கி 7 மில்லிமீட்டர் நெருங்கும். இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்: அகலத்தில் பாதியை மில்லிமீட்டரில் எடுத்து, ஈடியைக் கழித்தால் வெளி விளிம்பு, கூட்டினால் உள் விளிம்பு. எந்த வீலை யார் காட்டினாலும் முதலில் இந்தக் கழித்தல் கூட்டலைப் போடுங்கள்.

அடுத்த ஆசை 19 அங்குலம், அதுவும் பின்னால் வந்த 997 டர்போவின் வீல். முன்னால் 8.5 அங்குலம் ஈடி 56, பின்னால் 11 அங்குலம் ஈடி 51. மாட்ட முடியுமா என்றால் முடியும். முன் வீல் உள்பக்கம் 12 மில்லிமீட்டர் நெருங்கும், அதைச் சமாளிக்க வேண்டியிருக்கும். பெரிய பிரச்சினை டயரில்தான். 997 டர்போவின் அளவு 235/35, 305/30. கணக்குப் போட்டால் முன்னால் 647, பின்னால் 665.6. முன்னால் 10 மில்லிமீட்டர் கூடியது, பின்னால் 31 கூடியது. முன் சக்கரம் பின் சக்கரத்தைவிட எப்போதும் ஏறக்குறைய 3 சதவீதம் வேகமாகச் சுற்றவேண்டும். 997 டர்போவில் மின்னணுக் கட்டுப்பாட்டு கிளட்ச் இருக்கிறது, அந்தக் கார் அந்த அளவுக்கென்றே அமைத்தது. நம்முடையது அப்படி இல்லை. பின்னால் 295/30 போட்டாலும் 659.6. இன்னும் 2 சதவீத வித்தியாசம் நிற்கும். வீல் வளைவை நிரப்பிக்கொண்டு நிற்கும் அழகுக்காக கப்ளிங்கைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

18-க்குக் கீழேயும் எண்ண வேண்டாம். முன் டிஸ்க் 330 மில்லிமீட்டர், செராமிக் பிரேக் வைத்த காரில் 350. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் காலிப்பருக்கு இடம் வேண்டும்.

18 அங்குலத் தொழிற்சாலை வீல் எனக்கு இந்தக் காரிலேயே பிடித்த பாகங்களில் ஒன்று. முறுக்கிய ஐந்து கை, கைகள் உள்ளே வெற்றிடம். 1995-இல் 993 டர்போவில் போர்ஷே கொண்டுவந்த உத்தி இது. சக்கரத்தின் எடை குறைந்தால் சஸ்பென்ஷன் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து போவது எளிதாகும். பார்வைக்கு இதே போல இருக்கும் நகல் வீல்கள் ஏராளம், அவை உள்ளே முழு அலுமினியம். உங்கள் காரின் ஒரிஜினல் ஒன்றைக் கழற்றி எடைபோட்டு வைத்துக்கொண்டு, வாங்கப்போகும் வீலையும் பெட்டி தூக்கும் தராசில் தொங்கவிட்டுப் பாருங்கள். கையின் பின்புறம் போர்ஷே எழுத்தும், 996.362 என்று தொடங்கும் பாக எண்ணும், அகலமும் ஈடியும் வார்ப்பிலேயே இருக்கவேண்டும்.

பழைய வீல் வாங்கும்போது முகத்தைப் பார்க்காதீர்கள், முதுகைப் பாருங்கள். ஹைல்ப்ரோன் பக்கம் ஒருவரிடம் நான்கு வீல் பார்க்கப் போனேன். முகம் கண்ணாடி மாதிரி, புதுப் பெயிண்ட். திருப்பினால் உள் பீப்பாயில் வார்ப்பு எழுத்துகளையே மூடுகிற அளவுக்குக் கனமான பெயிண்ட். ஒரு பின் வீலின் உள் விளிம்பில் விரலை ஓட்டினேன். ஓரிடத்தில் விளிம்பு லேசாகத் தடித்து, பிறகு மறுபடி மெலிந்தது. பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றினால் அந்த இடம் வரும்போதெல்லாம் விளிம்பு ஒரு அலை அடித்தது. வெல்டிங் வைத்து, தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். 30 சதவீதப் பக்கச்சுவர் பள்ளத்தில் விழும்போது அடி நேராக உள் விளிம்பில்தான் இறங்கும், அங்கேதான் வெடிக்கும். வெல்டிங் வைத்த வீலை இந்த வேகம் போகும் காரில் மாட்டக்கூடாது. கீறலுக்குப் பெயிண்ட் அடிப்பது வேறு விஷயம், அதைத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் வாங்கிய பிறகு நீங்களே அடித்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடிக்காத, கீறல் விழுந்த வீலை எடுப்பதுதான் நல்லது. அதில் எதுவும் மறைந்திருக்காது.

போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. போர்ஷே வீலில் போல்ட் உட்காரும் குழி உருண்டையாக இருக்கும், போல்ட்டின் கழுத்தும் உருண்டை. வெளிக் கம்பெனி வீல்களில் பல கூம்பு வடிவக் குழி கொண்டவை. உருண்டைப் போல்ட் கூம்புக் குழியில் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே தொடும். முறுக்கும்போது இறுகியது போலவே இருக்கும், ஓட ஓடத் தளரும். இரண்டும் எம் 14 (14 மில்லிமீட்டர் தடிமன்) என்பதால் மரையில் எந்த வித்தியாசமும் தெரியாது, கண்ணால் கழுத்தைப் பார்த்தால்தான் உண்டு. வீலுக்கும் ஹப்புக்கும் நடுவே ஸ்பேசர் தட்டு வைத்தால் அதன் தடிமன் அளவுக்கு நீளமான போல்ட் வேண்டும்.

காகிதம்

ஜெர்மனியில் கார் வைத்திருப்பவர்கள் வாகனப் பதிவுச் சான்றின் முதல் பாகத்தை எடுங்கள். 15.1-இல் முன் டயர், 15.2-இல் பின் டயர், 8.1, 8.2-இல் அச்சுச் சுமை, டி (T) என்ற இடத்தில் அதிகபட்ச வேகம். அதில் இல்லாத அளவு எதுவானாலும் காரின் இணக்கச் சான்றில் இருக்கிறதா பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால் டியூஃப் போன்ற சோதனை அமைப்பிடம் காட்டி ஒப்புதல் வாங்கவேண்டும். வெளிக் கம்பெனி வீலில் கேபிஏ எண் (ஜெர்மன் வாகன ஆணையத்தின் ஒப்புதல் எண்) வார்த்திருக்கும், அதற்குரிய சான்றில் உங்கள் கார் மாடல் பெயர் இருக்கவேண்டும். இல்லாமல் ஓட்டினால் காரின் சாலை அனுமதியே போய்விடலாம், விபத்து என்று வந்தால் காப்பீட்டிலும் சிக்கல். 2030-இல் முதல் 996 டர்போக்களுக்கு 30 வயது ஆகும், வரலாற்று வாகன நம்பர் பிளேட் கேட்க முடியும். அந்தச் சோதனையில் அந்தக் காலத்துக்குப் பொருந்தும் வீலா என்று பார்ப்பார்கள். வேறு வீல் மாட்டினாலும் ஒரிஜினல் நான்கை விற்றுவிடாதீர்கள்.

மற்ற கார்கள்

முதல் லம்போர்கினி கயார்தோவும் நான்கு சக்கர இழுவை, விஸ்கஸ் கப்ளிங்தான். 19 அங்குலத்தில் 235/35, 295/30. மேலே சொன்ன அத்தனை கவனமும் அதற்கும் வேண்டும். ஆனால் அதன் சொந்த விகிதத்தைக் கணக்கிடுங்கள், போர்ஷேயின் எண்ணை எடுத்துப் போடாதீர்கள். ஃபெராரி 360 மொடேனா பின் சக்கர இழுவை, 215/45, 275/40, இரண்டும் 18 அங்குலம். அங்கே கப்ளிங் பயம் இல்லை, ஆனாலும் ஏபிஎஸ்ஸும் வழுக்கல் கட்டுப்பாடும் முன் பின் வேக விகிதத்தை வைத்துத்தான் முடிவெடுக்கும். ஹோண்டா என்எஸ்எக்ஸ் ஆரம்ப மாடலில் முன்னால் 15 அங்குலம் 205/50, பின்னால் 16 அங்குலம் 225/50. இரு பக்கமும் 17-ஆக்கி அழகு பார்ப்பவர்கள் அந்த விகிதத்தைக் கெடுத்துவிட்டு, கட்டுப்பாட்டு விளக்கு எரிகிறதே என்று கவலைப்படுவார்கள். ஃபெராரி எஃப்355 வைத்திருப்பவர்கள் வீல் மெக்னீசியம் என்பதை மறக்கவேண்டாம். பெயிண்ட் உரிந்த இடத்தில் ஈரம் பட்டால் அரிப்பு அலுமினியத்தைவிட வேகமாகப் போகும்.

மாட்டும் நாள்

டயர் கடைக்கு வீலை மட்டும் கழற்றிக்கொண்டு போவது என் வழக்கம். காரைத் தூக்கும் இடம் தெரியாமல் ஜாக்கி வைத்து அடிப்பாகத்தை நசுக்கிய கடைகள் உண்டு. காரோடு போனால் ஜாக்கி வைக்கும் இடத்தைக் காட்டிவிட்டுப் பக்கத்திலேயே நில்லுங்கள். டயரில் வெளிப்பக்கம் என்றோ சுற்றும் திசை என்றோ எழுதியிருந்தால், மாட்டிய பிறகு நான்கையும் ஒரு தடவை நீங்களே படித்துப் பாருங்கள்.

செராமிக் பிரேக் இருந்தால் ஹப்பில் இரண்டு வழிகாட்டிக் கம்பிகளைத் திருகி, அதன் மேல் வீலைச் சறுக்கி உள்ளே விடுங்கள். வீல் ஒரு இடி இடித்தால் டிஸ்க் ஓரம் சிதறிவிடும், அதன் விலையைச் சொல்லவேண்டியதில்லை. இரும்பு டிஸ்க்கிலும் கம்பி வைத்தால் வேலை சுலபம். ஹப் முகத்தைத் துருப் போகத் துடையுங்கள். மரையில் மெல்லியதாகப் பசை, வீலின் உருண்டைக் குழியில் ஒன்றும் வேண்டாம். போல்ட்டுகளைக் கையால் திருகி உட்காரவைத்து, எதிரெதிராக இறுக்கி, கார் தரையில் நின்ற பிறகு டார்க் ரெஞ்சில் 130 நியூட்டன் மீட்டர். கடைக்காரர் காற்றுத் துப்பாக்கியால் இறுக்க வந்தால் தடுத்துவிடுங்கள். காற்றழுத்தம் காரில் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி, குளிர்ந்த டயரில்.

அப்புறம் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம். பழைய டயரின் உள் ஓரம் மொட்டையாக இருந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் புது டயரில் ஓட்டாதீர்கள், அடுத்த செட்டும் அதே வழியில்தான் போகும். முதல் 200 கிலோமீட்டர் மெதுவாக. புது டயரின் மேல்தோல் போகும் வரை, ஈரத்தில் முக்கியமாக, பிடிப்பு முழுசாக வராது. 50 கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி 130-இல் சரிபார்த்து, தேதி, கிலோமீட்டர், நான்கு டயரின் டாட் எண், மூன்று இடத்தில் அளந்த பட்டன் எல்லாவற்றையும் சர்வீஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அடுத்த தடவை எந்த இரண்டை மாற்றுவது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யலாம்.